ஜப்ரும் முகாபலாவும்: இரு பக்கமும் தெரியாத ஒன்று வரும் கணக்குகள்

தமிழ் படிப்பிக்கிறவருக்குக் கணக்கில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சமன்பாடு என்பது முதலில் ஒரு வாக்கியம். ‘இது அதற்குச் சமம்’ என்பதுதான் அதன் முழு உருவம். வாக்கியத்தை விளங்கிக்கொள்ளாமல் தீர்க்க இறங்குகிற பிள்ளை எந்த இடத்தில் வழுக்கும் என்பதைத் தமிழ் வகுப்பில் இருந்துகொண்டும் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையோர ஊர்களில் பின்னேரமானால் டியூட்டரி வாசல்களில் சைக்கிள்கள் நிறைந்து நிற்கும். பிள்ளைகளின் உழைப்பில் குறைவில்லை. ‘எக்ஸ்’ ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். அது இரண்டு பக்கத்திலும் வந்துவிட்டால் பேனை நின்றுவிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், “அங்கால கொண்டுபோனா சைன் மாறும்” என்பார்கள். சக சயவாகும், சய சகவாகும். ஏன் மாறுகிறது என்று கேட்டால், “அது அப்பிடித்தான்.”

இந்த ‘அப்பிடித்தான்’ தான் ஆபத்தானது. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் எத்தனை கதவுகள் மூடிக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம். காரணம் தெரியாமல் பாடமாக்கிய விதி பரீட்சை மண்டபத்தின் பதற்றத்தில் கைவிட்டுவிடும். சமனிலிக் கணக்கில் அது பிழையான விடைக்கே கொண்டுபோய் விட்டுவிடும். அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு ஏறத்தாழ 1200 வருடங்களுக்கு முன் பக்தாதில் எழுதப்பட்ட ஒரு நூல் விடை சொல்லியிருக்கிறது. அந்த நூலின் ஏறக்குறைய சரிபாதி வாரிசுரிமையையும் வஸிய்யத்தையும் பற்றியது. அதாவது, நம் வீடுகளில் இன்றைக்கும் பேசப்படுகிற விஷயம்.

நூலும் அதன் பெயரும்

முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, கலீஃபா மஃமூனின் காலத்தில் (ஆட்சி 813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றியவர். ‘அல்-கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல் முகாபலா’ என்ற அவருடைய நூல் அந்த ஆட்சிக்காலத்தில்தான் எழுதப்பட்டது. மக்களுக்கு வாரிசுப் பங்கீட்டிலும் வஸிய்யத்திலும் வழக்குகளிலும் வியாபாரத்திலும் நிலம் அளப்பதிலும் கால்வாய் வெட்டுவதிலும் தேவைப்படுகிற இலகுவான கணக்கைச் சொல்வதே நோக்கம் என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். 1145இல் செஸ்டர் நகரத்து ரொபர்ட் ஸ்பெயினின் செகோவியாவில் இருந்து இதை லத்தீனில் பெயர்த்தார். ஃபிரெட்ரிக் ரோசனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1831இல் லண்டனில் வெளிவந்தது. பெயரிலுள்ள ‘அல்-ஜப்ர்’ ஐரோப்பிய மொழிகளில் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. நூலாசிரியரின் பெயர் திரிந்து ‘அல்கோரிதம்’ ஆயிற்று.

தமிழ்நாட்டில் இத்துறையை இயற்கணிதம் என்கிறார்கள். இலங்கையில் நாம் அட்சரகணிதம் என்கிறோம். அட்சரம் என்றால் எழுத்து. வேடிக்கை என்னவென்றால், குவாரிஸ்மியின் நூலில் தெரியாத தொகையைக் குறிக்க ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. எல்லாம் வாக்கியங்கள்தான். தெரியாததை அவர் ‘ஷய்உ’ என்றார். தமிழில் சொன்னால் ‘பொருள்’. இந்தக் கட்டுரையில் எக்ஸுக்குப் பதிலாக, பொருள் என்பதன் முதலெழுத்தான ‘ப’வை வைத்துக்கொள்வோம்.

அந்த ஷய்உதான் ஸ்பானிய மொழி வழியாகத் திரிந்து எக்ஸ் ஆனது என்று ஒரு கதை நம்மிடையே உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆவண ஆதாரம் கிடையாது. 1637இல் டேக்கார்ட் தெரிந்த தொகைகளுக்கு அகரவரிசையின் முதல் எழுத்துகளையும் தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளையும் எடுத்துக்கொண்டார். அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. பெருமைப்பட வேண்டுமானால் அந்தக் கதை நமக்குத் தேவையில்லை. நூலின் பெயரிலுள்ள இரண்டு சொற்கள் போதும்.

ஜப்ர்: முறிந்ததைச் சேர்த்தல்

ஜப்ர் என்ற அரபுச் சொல்லுக்கு முறிந்ததைச் சரிப்படுத்துதல், குறைந்ததை நிரப்புதல் என்று பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதும் ஜப்ர்தான். அல்-ஜப்பார் என்ற அல்லாஹ்வின் திருநாமத்துக்கு விரிவுரையாளர்கள் சொல்லும் பொருள்களுள், உடைந்ததைச் சீராக்குபவன் என்பதும் ஒன்று. ஸ்பானிய மொழியில் ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றால் முறிவு வைத்தியர். செர்வாண்டிஸின் ‘டொன் கிஹோத்தே’ நாவலில்கூட அப்படி ஒருவர் வருகிறார்.

குவாரிஸ்மி தரும் கணக்கு ஒன்று. பத்தை இரண்டு பங்காக்கினேன். ஒன்றை மற்றதால் வகுத்தேன். நான்கு வந்தது. பங்குகள் எவை?

ஒரு பங்கு ப. மற்றது 10 − ப. இரண்டாவதை முதலாவதால் வகுக்க 4 வருகிறது என்றால், அது முதலாவதின் நான்கு மடங்கு. ஆகவே:

10 − ப = 4ப

இடப்பக்கத்தில் இருப்பது முழுப் பத்து அல்ல. ஒரு ப கழன்று போன பத்து. முறிந்த பத்து என்று சொல்லலாம். அதைப் பொருத்த வேண்டுமானால் ஒரு ப கொடுக்க வேண்டும். இடப்பக்கத்துக்குக் கொடுத்தால் வலப்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சமம் கெட்டுவிடும்.

10 − ப + ப = 4ப + ப
10 = 5ப
ப = 2

பங்குகள் 2, 8. வகுத்துப் பார்த்தால் 4. சரி.

டியூட்டரி மொழியில் இதே கணக்கு, ‘சய ப அங்கால போய் சக ப ஆனது’. உண்மையில் எதுவும் எங்கேயும் போகவில்லை. இரு பக்கமும் ஒரு ப வந்தது. இடப்பக்கத்தில் அது குறையை நிரப்பி மறைந்தது, வலப்பக்கத்தில் மற்றவற்றோடு சேர்ந்தது. பார்ப்பவருக்குத்தான் குறி மாறி இடம்பெயர்ந்தது போலத் தெரிகிறது.

முகாபலா: எதிரெதிர் நிறுத்துதல்

முகாபலா என்றால் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுதல். இரு பக்கமும் ஒரே இனம் இருந்தால், எதிரெதிராக நிறுத்திச் சம அளவில் நீக்கிவிடுவது. அதற்கு அந்நூலின் வஸிய்யத் பகுதியில் வரும் முதற்கணக்கே நல்ல உதாரணம்.

ஒருவர் மௌத்தாகிறார். இரண்டு ஆண்மக்கள். ரொக்கம் 10 திர்ஹம் இருக்கிறது. இன்னொரு 10 திர்ஹம் மக்களில் ஒருவர் வாப்பாவுக்குத் தர வேண்டிய கடன். சொத்தில் மூன்றிலொன்றை வெளியார் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். எப்படிப் பங்கிடுவது?

அவசரக்காரர் 10உம் 10உம் 20 என்று கூட்டி மூன்றாக்குவார். ஆளுக்கு 6⅔. ஆனால், கையில் இருப்பது 10 மட்டுமே. வெளியாருக்கும் மற்ற மகனுக்குமாக 13⅓ கொடுக்க அதில் வழியில்லை. கடன்பட்ட மகனின் கையில் காசு இல்லை. அவருடைய பங்கு எவ்வளவோ அவ்வளவு கடனைத்தான் கழித்துக்கொள்ள முடியும். அந்த அளவு மட்டுமே சொத்துக்குள் வந்ததாகக் கணக்கு.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பங்கு தெரிந்தால்தான் சொத்து எவ்வளவு என்று தெரியும். சொத்து தெரிந்தால்தான் பங்கு தெரியும். ஒன்றையொன்று காத்து நிற்கிறது. தெரியாத ஒன்று சமன்பாட்டின் இரு பக்கமும் வருவதற்குக் காரணம் இதுதான். பாடநூல்காரர் பிள்ளைகளை வருத்த வேண்டும் என்று கண்டுபிடித்த வித்தை அல்ல.

கடனில் கழியும் தொகை ப என்க. சொத்து 10 + ப. அதில் மூன்றிலொன்று வெளியாருக்கு: 3⅓ + ⅓ப. மிகுதி 6⅔ + ⅔ப. அதை இரு மக்களுக்கும் பங்கிட, ஆளுக்கு 3⅓ + ⅓ப. கடன்பட்ட மகனின் பங்கே கழியும் தொகை என்பதால்:

ப = 3⅓ + ⅓ப

இப்போது முகாபலா. இடப்பக்கம் ஒரு முழு ப. வலப்பக்கம் மூன்றிலொரு ப. எதிரெதிர் நிறுத்தி இரண்டிலிருந்தும் ⅓ப நீக்குங்கள்.

⅔ப = 3⅓

மூன்றில் இரண்டை முழுதாக்க, அதன் பாதியை அதோடு கூட்ட வேண்டும். மறுபக்கத்திலும் அப்படியே: 3⅓ உடன் அதன் பாதி 1⅔.

ப = 5

சொத்து 15. வெளியாருக்கு 5, மற்ற மகனுக்கு 5. ரொக்கம் 10உம் சரியாக முடிந்தது. கடன்பட்ட மகனின் 5 அவருடைய கடனில் கழிந்தது.

ஆக, செயல்கள் இரண்டே. கழிந்து நிற்பதைக் கொடுத்து நிரப்பினால் ஜப்ர். கூடி நிற்பதை இரு பக்கமும் எடுத்தால் முகாபலா. ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்பது இந்த இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி, காரணத்தை வெளியே விட்டுவிட்ட வாய்பாடு.

வாக்கியத்தைச் சமன்பாடாக்குதல்

தீர்ப்பதை விட எழுதுவதே பிள்ளைகளுக்குக் கடினம். இங்கே தமிழ் இலக்கணம் நேரடியாகக் கைகொடுக்கும்.

‘24இலிருந்து பொருளைக் கழி’ என்றால் 24 − ப. ‘பொருளிலிருந்து 24ஐக் கழி’ என்றால் ப − 24. முதல் வாக்கியத்தை ‘பொருளை 24இலிருந்து கழி’ என்று புரட்டிப் போட்டாலும் அது 24 − ப தான். தமிழில் சொற்கள் இடம் மாறலாம். வேற்றுமை உருபு மாறினால்தான் கருத்து மாறும். சொல் வந்த வரிசையில் எண்களை எழுதுகிற பிள்ளை அதனால்தான் தவறுகிறது. ‘இருந்து’ எதனோடு ஒட்டியிருக்கிறதோ அதை முதலில் எழுது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் நீங்கலும் ஒப்பும் இரண்டு. நீங்கல் கழித்தலுக்கு வழி. ஒப்பு சமன்பாட்டுக்கும் சமனிலிக்கும் வழி. பேச்சிலும் பாடநூலிலும் நாம் ‘விட’ என்கிறோம். ‘காக்காவின் காசு தம்பியின் காசை விட 5 ரூபா கூட’ என்றால், ‘விட’ ஒட்டிய தம்பியின் காசோடு 5 கூட்டினால் காக்காவின் காசு வரும். காக்காவின் பெயர் முதலில் வருகிறது என்பதற்காக அவர் பக்கம் 5ஐக் கூட்டினால் கணக்குத் தலைகீழாகும்.

இனி, நம் குடும்பங்களில் உண்மையில் எழுகிற ஒரு கேள்வி. ஒருவருக்கு மூன்று ஆண்மக்கள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் வாப்பாவுக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அவருக்கு ஒரு பையன். மகன்கள் உயிரோடு இருக்கும்போது பேரனுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. வஸிய்யத் செய்யலாம். பெரியவர், “என்ர பேரனுக்கு ஒரு மகன்ட பங்குக்குச் சரியாக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடக்கச் செலவும் கடனும் போக 24 ஏக்கர் வயல். வாரிசுகள் அந்த மூன்று மக்கள் மட்டுமே.

24ஐ மூன்றாகப் பிரித்தால் 8, ஆகவே பேரனுக்கும் 8 என்று சொல்லிவிடத் தோன்றும். 8 கொடுத்தால் மிச்சம் 16. மக்கள் மூவருக்கும் ஆளுக்கு 5⅓. பேரனுக்கு மகன்களைவிடக் கூடிவிட்டது. ‘ஒரு மகனின் பங்கு’ என்பது வஸிய்யத் போன பிறகுதான் தெரியும். வஸிய்யத்தோ அந்தப் பங்கைப் பொறுத்தது. மீண்டும் ஒன்றையொன்று காத்து நிற்கிறது.

பேரனின் பங்கு ப என்க. மிச்சம் 24 − ப. அது மூன்று மகன்களின் பங்கு, அதாவது 3ப.

24 − ப = 3ப

ஜப்ர்: 24 = 4ப. ப = 6. பேரனுக்கு 6 ஏக்கர், மகன்களுக்கு 6 ஏக்கர் வீதம். இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் இத்தகைய வஸிய்யத்தை இப்படி ஒரு பங்கைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். வஸிய்யத் இன்றி இறந்தவர்களின் சொத்தை அவரவர் சார்ந்த பிரிவின் சட்டப்படி பங்கிட வேண்டும் என்கிறது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆகவே பங்குக் கணக்கு பள்ளிவாசலோடு நிற்பதில்லை. நீதிமன்றம் வரை போகக்கூடியது. பிழைத்தால் இழப்பது யாரென்று சொல்லத் தேவையில்லை.

சமனிலி: எல்லை சொல்லும் வாக்கியம்

மேலே சொன்ன வஸிய்யத் செல்லுமா என்று பார்க்க இன்னொரு வாக்கியம் வேண்டும். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களுடைய பிரபலமான ஹதீஸின் அடிப்படையில், வாரிசுகள் இணங்கினாலன்றி வஸிய்யத் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. இது ‘சமம்’ என்று சொல்கிற வாக்கியம் அல்ல. ‘இதற்கு மேல் போகாதே’ என்று எல்லை போடுகிற வாக்கியம். இதைத்தான் சமனிலி என்கிறோம்.

மூன்றிலொன்று என்றால், வாரிசுகளுக்கு எஞ்சுவதன் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே கருத்துத்தான். அப்படி எழுதினால் ப இரு பக்கமும் வரும்:

ப ≤ ½(24 − ப)

இரு பக்கத்தையும் இரட்டிக்க: 2ப ≤ 24 − ப. ஜப்ர் செய்ய: 3ப ≤ 24. ஆகவே ப ≤ 8. பேரனின் 6 ஏக்கர் எல்லைக்குள் இருக்கிறது. வஸிய்யத் செல்லும்.

சமன்பாட்டுக்குச் செய்த அதே இரண்டு வேலைகள்தான் இங்கும் நடந்தன. ஒருவரிடம் கூட இருக்கிறது, மற்றவரிடம் குறைய இருக்கிறது. இருவருக்கும் ஒரே தொகையைக் கொடுத்தாலும், இருவரிடமும் ஒரே தொகையை எடுத்தாலும், கூட இருந்தவரிடம்தான் கூட இருக்கும்.

சமனிலியை எழுதும்போது சொல்லில் கவனம் வேண்டும். ‘குறைந்தது 5 பேர்’ என்றால் ஐந்தோ அதற்கு மேலோ. ‘5இலும் குறைந்தது’ என்றால் ஐந்துக்குக் கீழே. ஒரே ‘குறைந்தது’, இரண்டு எதிரான கருத்து. ‘ஆகக் கூடியது 5’ என்றால் ஐந்தும் அதற்குக் கீழும். ‘5ஐ விடக் கூட’ என்றால் ஐந்து சேராது. கூட, குறைய என்பவற்றுக்கு இன்று நாம் போடும் குறிகள் இங்கிலாந்தின் தோமஸ் ஹரியட்டின் நூலில், அவர் இறந்த பிறகு 1631இல் அச்சில் வந்தவை. சமக்குறி அதற்கும் முன்பு, 1557இல் ரொபர்ட் ரெக்கோட் போட்டது.

மருதமுனைக் கைத்தறியில் இருந்து ஒரு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. ஒரு நெசவாளர் கூலிக்கு நெய்தால் ஒரு சாரனுக்கு 250 ரூபா. சொந்தத் தறியில் நெய்து தானே விற்றால் ஒரு சாரனில் 600 ரூபா மிஞ்சும். ஆனால் தறிக்கும் இடத்துக்குமாக மாதம் 7000 ரூபா போய்விடும். மாதம் எத்தனை சாரன் நெய்தால் சொந்தத் தறி இலாபம்?

600ப − 7000 > 250ப

முதலில் ஜப்ர், 7000ஐ நிரப்ப: 600ப > 250ப + 7000. பிறகு முகாபலா, 250ப நீக்க: 350ப > 7000. ஆகவே ப > 20.

20 சாரனில் இரண்டு வழியிலும் 5000 ரூபாதான். 21ஆவது சாரனில் இருந்துதான் சொந்தத் தறி முந்துகிறது: 5600க்கு எதிராக 5250. ‘சொந்தத் தொழில் நல்லது’ என்று பொதுவாகச் சொல்வதற்கும், ‘மாதம் 21 நெய்ய முடியுமென்றால் நல்லது’ என்று சொல்வதற்கும் இருக்கிற தூரம் பெரிது. தறி வாங்கக் கடன்படுவதா இல்லையா என்று தீர்மானிக்கிற குடும்பத்துக்கு இரண்டாவது வாக்கியம்தான் உதவும்.

வாய்பாடு வழுக்கும் இடம்

இரண்டு தோணிகள் கடலுக்குப் போகின்றன. ஒன்றில் 20 லீற்றர் மண்ணெண்ணெய். மணிக்கு 3 லீற்றர் எரிக்கும். மற்றதில் 8 லீற்றர். மணிக்கு 1 லீற்றர் எரிக்கும். எத்தனை மணி நேரம் வரை முதல் தோணியில் எண்ணெய் கூட இருக்கும்?

20 − 3ப > 8 − ப

அங்கால இங்கால மாற்றுகிற பிள்ளை இப்படிச் செய்யும்: −3ப + ப > 8 − 20. அதாவது −2ப > −12. இது வரைக்கும் பிழையில்லை. அடுத்து, பழக்க தோஷத்தில் ப > 6 என்று எழுதும். ஒரு மணி நேரத்தை வைத்துப் பாருங்கள்: 17 லீற்றர், 7 லீற்றர். முதல் தோணியில்தான் கூட இருக்கிறது. ஆனால் அந்த விடையில் 1 இல்லை. விடை முழுவதும் தலைகீழ்.

குவாரிஸ்மியின் வழியில் போனால் இந்தக் குழியே இல்லை. கழிந்து நிற்பதை நிரப்பு என்பதுதான் முதல் வேலை. 3ப கொடுத்து நிரப்ப: 20 > 8 + 2ப. எட்டை இரு பக்கமும் நீக்க: 12 > 2ப. ஆகவே 6 > ப. ஆறு மணி நேரம் ஆகும் வரை. ஆறாவது மணி முடியும்போது இரண்டிலும் 2 லீற்றர் சமமாக நிற்கும்.

மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ சமனிலிக் குறி திரும்பும் என்ற விதியையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு அது தேவை. ஆனால் காரணத்தோடு அறியட்டும். 628இல் பிரம்மகுப்தர் நேர் எண்ணைத் தனம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் விளக்கினார். 5 ரூபா உள்ளவர் 3 ரூபா உள்ளவரைவிட மேல். அந்தக் கையிருப்புகள் இரண்டும் கடனாக மாறினால்? 5 ரூபா கடன்காரர் 3 ரூபா கடன்காரரைவிடக் கீழ். 5 > 3, ஆனால் −5 < −3. கூடியது கடனானால் தாழ்ந்துவிடும். குறி திரும்புவது அதனால்தான்.

விடை இல்லாததும் எல்லாம் விடையானதும்

சில கணக்குகளில் முகாபலா செய்ததும் ப முழுவதும் காணாமல் போய்விடும். பிள்ளைகள் பயந்து கணக்கை வெட்டிவிடுவார்கள். வெட்டத் தேவையில்லை. காக்காவுக்கு 15 வயது, தம்பிக்கு 12. எத்தனை வருடத்தில் வயது சமமாகும்?

15 + ப = 12 + ப

ப நீக்கினால் 15 = 12. நடக்காத வாக்கியம். ஆகவே விடையே இல்லை. காக்கா எப்பவும் காக்காதான். இதையே 15 + ப > 12 + ப என்று எழுதினால் 15 > 12 மிஞ்சும். அது எப்போதும் உண்மை. ப எதுவாக இருந்தாலும் விடைதான். எஞ்சி நிற்கிற வாக்கியம் உண்மையா பொய்யா என்று வாசித்துப் பார்த்தால் போதும். கடைசியிலும் வாசிப்புத்தான் வேலை.

செய்யக்கூடியது

நம் ஊர்களில் மத்ரஸாவில் ஃபராயிழ் படிப்பிக்கிற மௌலவியும் பாடசாலையில் சமன்பாடு படிப்பிக்கிற ஆசிரியரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். இருவர் கையிலும் ஒரே நூலின் இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஒருவரிடம் கணக்குக்கான தேவை இருக்கிறது. மற்றவரிடம் கணக்கின் முறை இருக்கிறது. வருடத்தில் ஒரு பாடவேளையாவது இருவரும் ஒரே கரும்பலகையின் முன் நின்றால், இரு பக்கமும் ப வருவது ஏன் என்று பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிராது. ‘அங்கால கொண்டுபோ’ என்பதற்குப் பதிலாக ‘நிரப்பு’, ‘இரண்டிலும் எடு’ என்று சொல்லிப் பழக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை. அதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

வாசகர்கள் வீட்டில் பிள்ளைகளோடு இருந்து பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். 28 ஏக்கர் வயல். வாரிசுகள் இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள் மட்டும். மகளுக்கு மகனின் பங்கில் பாதி. முன்பே மௌத்தான மகனின் பிள்ளைக்கு, ஒரு மகனின் பங்குக்குச் சமமாக வஸிய்யத். பிள்ளையின் பங்கு ப என்றால்:

28 − ப = ப + ப + ½ப

நிரப்புங்கள், தீருங்கள். வரும் விடை மூன்றிலொன்று என்ற எல்லைக்குள் அடங்குகிறதா என்பதையும் ஒரு சமனிலியாக எழுதிப் பார்த்துவிடுங்கள்.